7 ஆட்டம், 13 விக்கெட்டு: நடராஜனுக்க கணக்கை எப்பிடிச் சொல்லுகது?

தேரூர் இடங்கை | சனி, இரவு 9.10

கும்பப்பூ அறுப்பு முடிஞ்சு வயல் எல்லாம் காஞ்சு கெடக்கு. இன்னைக்குச் சாயங்காலம் தேரூர் குளத்துப் பக்கம் பயலுவ கூட நின்னு பந்து போட்டுட்டு இப்பதான் வந்து உக்காந்தேன். மனசு கெடந்து உறுத்துகு, அதான் எழுதுகேன்.

எனக்க மருமவன், அக்கா மொவன், 16 வயசு. என்னைப் போல இடங்கை. என்கிட்ட இல்லாத வேகம் அவன்கிட்ட உண்டும். ஆட்டம் முடிஞ்சு சாயா குடிக்க நிக்கும்போ ஒரு பய கேட்டான், "ஒனக்கு யாரைப் போல வரணும்?" இவன் யோசிக்காம "நடராஜன்"னான். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டில இருந்து போய் இந்தியாவுக்கு ஆடின இடங்கை வேகப் பந்துக்காரரு. கேட்டவன் போனைத் தட்டிப் பாத்துட்டு, "டெஸ்ட் 1, ஒருநாள் 2, டி20 4. மொத்தம் ஏழு ஆட்டம், 13 விக்கெட்டு. இதுக்கா ஆசைப்படுக?"ன்னுட்டுப் போயிட்டான். மருமவன் ஒண்ணும் பேசல. பைக்குல பின்னால இருந்து வரும்போ மட்டும், "மாமா, அது கொறவுதானா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் வரல. வண்டிச் சத்தத்துல கேக்காத மாரி வந்துட்டேன். அது தப்பு.

அந்த ஏழு ஆட்டமும் 2020 டிசம்பர் 2 ஆஸ்திரேலியா கான்பெராவுல தொடங்கிச்சு, 2021 மார்ச் 28 புனேல முடிஞ்சுது. நாலு மாசம் தெகயல. ஆனா அந்த நாலு மாசத்தையும் நான் வெளுப்பாங்காலமே எந்திரிச்சு உக்காந்து பாத்தவன். வயல்லயும் பொட்டல்லயும் டென்னிஸ் பந்து போட்டு வளந்தவனுக்கு, அந்த ஆளு அங்க போய் நின்னது எவ்வளவு பெரிசுன்னு தெரியும். அதைச் சொல்லுகதுக்குத்தான் வார்த்தை கிட்டல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நாளைக்கு அந்தப் பயகிட்ட நான் ஒரு பதில் சொல்லணும்.

---

கோட்டார் கணக்குப்பிள்ளை | சனி, இரவு 9.48

தம்பி, நான் ஒரு பாடு வருஷமா ஸ்கோர் எழுதுகவன். ஸ்கோர் நோட்டுல ஒரு பந்துக்கு ஒரு கட்டம்தான். அந்தப் பந்தை எந்த நெலமைல போட்டான்னு எழுத அதுல எடம் கிடையாது. அதை நான் சொல்லுகேன், மருமவன்கிட்ட காட்டுங்க.

அவர் ஆஸ்திரேலியாவுக்கு அணி ஆளாப் போகல. வலைப் பயிற்சில மத்தவங்களுக்குப் பந்து போடுகதுக்குப் போன ஆளு. 2020 ஐ.பி.எல்.ல 16 விக்கெட் எடுத்ததைப் பாத்துக் கூட்டிட்டுப் போனாங்க. வருண் சக்கரவர்த்திக்குத் தோள்ல காயம், டி20 அணில பேரு வந்துது. சைனிக்கு முதுகு பிடிச்சுது, ஒருநாள் அணிலயும் சேத்தாங்க. அப்புறம் நடந்தது:

டிசம்பர் 2, கான்பெரா, மூணாவது ஒருநாள். மொத ரெண்டும் இந்தியா தோத்தாச்சு. இவருக்கு மொத விக்கெட் லாபுஷேன், ஸ்டம்பு போச்சு. 70 ரன்னுக்கு 2. இந்தியா 13 ரன்ல ஜெயிச்சுது.

டிசம்பர் 4, அதே மைதானம், மொத டி20. 30 ரன்னுக்கு 3. அதுல ஒண்ணு மேக்ஸ்வெல்.

டிசம்பர் 6, சிட்னி. ஆஸ்திரேலியா 194 அடிச்ச ஆட்டத்துல இவருக்க 4 ஓவர்ல 20 ரன்தான், 2 விக்கெட். மத்தவங்களுக்க 16 ஓவர்ல 174 போயிருக்குன்னா வித்தியாசத்தைப் பாத்துக்கிடுங்க. ஆட்ட நாயகன் பட்டம் ஹர்திக் பாண்டியாவுக்குக் கெடச்சுது. அவரே மைக்குல, இது நடராஜனுக்குப் போயிருக்கணும்னு சொன்னாரு. தொடர் முடிஞ்சதும் தனக்குக் கெடச்ச தொடர் நாயகன் கோப்பையைக் கொண்டு இவரு கையில கொடுத்தாரு. கோலி அணிக் கோப்பையைக் கொடுத்ததும் இவர் கையிலதான்.

பிறகு பிரிஸ்பேன். அதைத் தனியா எழுதுகேன், அவசரமா எழுதுகதுக்கு உள்ள ஆட்டம் இல்ல அது.

---

மார்த்தாண்டம் மேக்கு | சனி, இரவு 10.15

ரெண்டு பேருக்கும் வணக்கம். நடராஜனை எனக்கும் பிடிக்கும். ஆனா ஒரு பையன் வழி கேக்கும்போ உள்ளது உள்ளபடி சொல்லணும். ஏழு ஆட்டத்தை வாழ்க்கைன்னு சொல்லப்பிடாது, அது ஒரு வாய்ப்பு. வாழ்க்கைன்னா அஸ்வினுக்கு உள்ளது. 106 டெஸ்ட், 537 விக்கெட், 37 தடவை அஞ்சு விக்கெட், கூட 6 சதம். 2011 டெல்லில மொத டெஸ்ட்லயே 9 விக்கெட் எடுத்த ஆளு, 13 வருஷம் நின்னு ஆடினாரு. அவரும் நம்ம தமிழ்நாட்டு ஆளுதான். பையன் இடங்கைன்னா ஜாகீர்கானைப் பாக்கட்டும், 311 டெஸ்ட் விக்கெட்.

நடராஜனுக்கு எடம் கெடச்ச விதத்தையும் பாக்கணும்லா? நாலஞ்சு பேருக்குக் காயம் பட்டதுனால வந்தது. தன் எடம்னு ஒண்ணு அவருக்கு அங்க உண்டாகவே இல்ல. இது குத்தம் சொல்லுகது இல்ல. ஆசைப்படுக பையனுக்கு அளவு தெரியணும்னு சொல்லுகேன்.

---

குளச்சல் கரை | சனி, இரவு 10.37

எங்க பக்கம் கால்பந்துதான் எல்லாம், தூத்தூர் வரைக்கும் போய்ப் பாருங்க. ஆனா சாயங்காலம் கடல் வத்தி மணல் இறுகிக் கெடக்கும்போ நாங்களும் மட்டையைத் தூக்குவோம்.

யார்க்கரைப் பத்தி யாரும் பேசாம கணக்கையே பேசுகீங்க. நடராஜன்னா யார்க்கர்லா, மட்டை பிடிக்கவனுக்குக் காலடில வந்து விழுக பந்து? ஈர மணல்ல பந்து கொஞ்சம் எழும்பும். ரெண்டடி மேல உள்ள காஞ்ச மணல்ல விழுந்தா அப்பிடியே செத்துரும். அதுனால நாங்க எல்லாரும் காலுக்கே போட்டுப் பழகுனோம். நடராஜனும் அப்பிடித்தான் பழகினாருன்னு நெனச்சிட்டு இருக்கேன். டிவில்லியர்ஸ் மாரி ஒரு ஆளை அபுதாபில குச்சியைப் பிடுங்கி அனுப்பினது அந்தப் பழக்கம்தான.

---

தேரூர் இடங்கை | சனி, இரவு 11.02

கரை மக்கா, நீ அங்கதான் பிடிச்ச.

வயல்ல ஆடினவனுக்கு இது தெரியும். அறுத்த தாள் காலைக் குத்தும், தரை வெடிச்சுக் கெடக்கும். டென்னிஸ் பந்தை எடையில, பாதி வழில குத்தினா அது எந்திரிச்சு மட்டைக்கு வாக்கா நிக்கும். எல்லை 40 கஜம் கூட வராது, ஒரு பக்கம் வரப்பு, ஒரு பக்கம் வாழைத் தோட்டம். எடுத்து அடிச்சா பந்து வாழைக்குள்ள. அப்ப பௌலருக்கு ஒரே வழிதான் உண்டும், மட்டைக்கு அடில பந்தை எறக்கணும். பந்து கனம் இல்லாதது, காத்து கொண்டு போவும். அதுலயும் ஆடி மாசம் ஆரல்வாய்மொழி பக்கம் ஆடிருக்கீங்களா? கணவாய்க் காத்துல பந்து நாம நெனச்ச எடத்துக்குப் போகவே போகாது. அதுலயும் காலடில போட்டவன்தான் ஜெயிப்பான்.

ஆனா டென்னிஸ் பந்துல யார்க்கர் போடுகவன் ஊருக்குப் பத்து பேரு உண்டும். அதைத் தோல் பந்துல, 22 கஜத்துல, 140 கிலோமீட்டர் பக்கம் வேகத்துல, எதுக்க மேக்ஸ்வெல் நிக்கும்போ போடணும். ஒரு அடி முன்ன விழுந்தா தரைல குத்தாம வருக புல் டாஸ், ஒரு அடி கொறஞ்சா மட்டை நடுவுல. எனக்கு 20 வயசுல ஒருத்தர் தோல் பந்தைக் கையில தந்தாரு. மொத ஓவர்ல மூணு புல் டாஸ். பந்துக்க கனம் வேற, கையில இருந்து விடுக நேரம் வேற. ஒரு மாசம் முயற்சி பண்ணுனேன். திரும்ப வயலுக்கே வந்துட்டேன். அந்த எடத்தைத் தாண்டினவருதான் நடராஜன், அதனாலதான் எனக்கு அவரு பெரிசாத் தெரியுகாரு.

---

சேலத்து மாப்பிள்ளை | சனி, இரவு 11.30

நான் சேலம் பக்கம். இங்க வடசேரில பொண்ணு எடுத்து, வேலையும் இங்கயே அமைஞ்சு 8 வருஷம் ஆச்சுங்க. சின்னப்பம்பட்டி எங்க ஊர்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல. ஒரு சில விஷயம் மட்டும் சொல்றேன்.

அப்பா நெசவு வேலை, அம்மா ரோட்டோரம் கோழிக்கறி கடை போட்டிருந்தாங்க. அவருக்கு வழி காட்டினவர் அதே ஊரு ஜெயப்பிரகாஷ். அவர் பேரைத்தான் ஜெர்சில 'ஜே.பி. நட்டு'ன்னு போட்டுக்கிறார். 20 வயசு வரைக்கும் முழுக்க டென்னிஸ் பந்துதான். 2015 ஜனவரில தமிழ்நாட்டுக்கு முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினாரு. ஆடினவுடனே கை வீசுற முறை சரியில்லைன்னு புகார் வந்துடுச்சு. பெரும்பாலான பசங்க அதோட வீட்டுக்குப் போயிடுவாங்க. அவர் கை வீச்சைப் பிரிச்சுப் போட்டு மறுபடி கட்டிக்கிட்டு வந்தார்.

2017 ஐ.பி.எல்.ல பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தாங்க, சரியா அமையல. 2018ல ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தாங்க. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஒரு ஆட்டம்கூட ஆட விடல, வெளிய உக்காந்திருந்தார். அங்க பௌலிங் கோச் முரளிதரன். ரெண்டு வருஷம் வலைல மட்டுமே போட்டுட்டுத்தான் 2020க்கு வந்தார். அந்த சீசன் முடியறப்போ அவருக்குப் பெண் குழந்தை பிறந்துச்சு. குழந்தையைப் பார்க்காமலே துபாய்ல இருந்து நேரா ஆஸ்திரேலியா போனவர், ஜனவரி கடைசிலதான் ஊருக்கு வந்தார். அன்னைக்கு அவரைக் குதிரை வண்டில வச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. தெரு முழுக்க சனம்.

மேக்கு அண்ணன் சொன்ன 'அடுத்தவங்க காயத்துல கிடைச்ச இடம்' சரிதான். ஆனா அந்த இடம் காலியாகும்போது தயாரா ஒருத்தர் அங்க நின்னாருங்களே, அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் போச்சுன்னும் பார்க்கணும்.

---

கோட்டார் கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 6.20

ராத்திரி எழுத நெனச்சது, கண்ணு சொக்கிட்டுது. இப்ப பிரிஸ்பேன்.

2021 ஜனவரி 15. டெஸ்ட் தொடர் 1-1. காப்பா மைதானத்துல 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா ஒரு டெஸ்ட்கூட தோத்தது கிடையாது. இந்தியாவுக்கு பும்ரா இல்ல, அஸ்வின் இல்ல, ஜடேஜா இல்ல, விஹாரி இல்ல. ஷமியும் உமேஷும் முன்னமே ஊருக்குத் திரும்பியாச்சு. இருந்த அஞ்சு பௌலர் சிராஜ், சைனி, தாக்கூர், நடராஜன், வாஷிங்டன் சுந்தர். அஞ்சு பேரும் அதுக்கு முன்ன ஆடின டெஸ்ட் எல்லாத்தையும் கூட்டினா 4தான். நடராஜன் இந்தியாவுக்க 300ஆவது டெஸ்ட் ஆட்டக்காரர், சுந்தர் 301. ரெண்டு தமிழ்நாட்டுக்காரங்க ஒரே காலைல தொப்பி வாங்கினாங்க. ஒரே பயணத்துல மூணு வகை ஆட்டத்துலயும் அறிமுகமான மொத இந்தியர் நடராஜன்தான்.

மொத நாளே சைனி தொடை நரம்பு பிடிச்சு, தனக்க எட்டாவது ஓவரை முடிக்காம வெளிய போனாரு. இருந்த நாலு பேருக்கு அவரு சுமையும் சேர்ந்துது. லாபுஷேனும் வேடும் நூத்துக்கு மேல சேத்து நிக்காங்க. 200ல வேடை எடுத்தாரு, 213ல லாபுஷேனை எடுத்தாரு. லாபுஷேன் அப்ப 108.

இதை கவனிங்க: ரெண்டுமே யார்க்கர் இல்ல. ரெண்டுமே எடையில குத்தின பந்து, இழுத்து அடிக்கப் போய் மேல எழும்பினது. ஒண்ணை தாக்கூர் பிடிச்சாரு, ஒண்ணை பண்ட் பிடிச்சாரு. உலகமே இவரை யார்க்கர் ஆளுன்னு சொல்லிட்டு இருந்த நேரத்துல, டெஸ்ட்ல மொத ரெண்டு விக்கெட்டும் நேர் எதிர் பந்துல வந்துது. இடங்கைத் தம்பி சொன்ன வயல்ல அந்தப் பந்தைப் போட்டிருந்தா வாழைத் தோட்டத்துக்குள்ள போயிருக்கும். அங்க போடக்கூடாத பந்தை இங்க வந்து படிச்சிருக்காரு, அதுவும் டெஸ்ட்லயே.

கடைசில ஹேசில்வுட் குச்சி. 24.2 ஓவர், 78 ரன், 3 விக்கெட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல 14 ஓவர், 41 ரன், விக்கெட் இல்ல. சிராஜுக்கு 5. நோ பால் கொஞ்சம் கூடுதலாப் போட்டாரு, அது உண்மை, எழுதாம விட மாட்டேன். 19ஆம் தேதி 328 ரன்னை விரட்டிப் பிடிச்சு இந்தியா 3 விக்கெட்ல ஜெயிச்சுது. ரஹானே கோப்பையை வாங்கினதும் கொண்டு கொடுத்தது நடராஜன் கையில.

---

மார்த்தாண்டம் மேக்கு | ஞாயிறு, காலை 8.05

கணக்குப்பிள்ளை சார், எடையில குத்தின பந்து விஷயம் நான் கவனிச்சது இல்ல. ஏத்துக்கிடுகேன்.

ஆனா நான் சொன்னதுல மாத்தம் இல்ல. நான் நேர்ல பாத்த ஒண்ணைச் சொல்லுகேன். நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு சேப்பாக்கம் 700 கிலோமீட்டர், திருவனந்தபுரம் காரியவட்டம் மைதானம் பக்கத்துல. 2022 செப்டம்பர் 28, இந்தியா தென்னாப்பிரிக்கா டி20. நானும் எனக்க தம்பியும் களியக்காவிளை வழி பஸ்ஸு பிடிச்சுப் போனோம். உக்காந்து நிமிரதுக்குள்ள தென்னாப்பிரிக்கா 9 ரன்னுக்கு 5 விக்கெட். தீபக் சாகர் ரெண்டு, அர்ஷ்தீப் ஒரே ஓவர்ல மூணு. ஒரே பெகளம், தொண்டை போச்சு.

அதுக்குப் பிறகு அஸ்வின் வந்தாரு. 4 ஓவர், 1 மெய்டன், 8 ரன். நான் இருந்த எடத்துல இருந்து பாத்தா பந்து காத்துல தொங்கிட்டு நிக்க மாரி இருந்துது. மட்டையைத் தூக்கணும்னு நெனப்பான், தூக்க மாட்டான். ஒரு பந்து மாரி அடுத்த பந்து இல்ல. டி20ல 24 பந்துக்கு 8 ரன், இப்பவும் கண்ணுல நிக்கு. அது ஒரு நாள்ல வராது. 2010ல ஹராரேல தொடங்கி 12 வருஷம் கழிச்சு எங்க கண்ணு முன்ன போட்டாரு. அந்த மாரி நின்னு வளரணும்னு பையனுக்குச் சொல்லுங்க.

---

தேரூர் இடங்கை | ஞாயிறு, காலை 8.31

மேக்கு அண்ணே, அந்த 4 ஓவர்ல அஸ்வினுக்கு எத்தனை விக்கெட்டு?

---

மார்த்தாண்டம் மேக்கு | ஞாயிறு, காலை 8.40

ஒண்ணும் இல்ல.

---

தேரூர் இடங்கை | ஞாயிறு, காலை 8.52

அண்ணே, தப்பா எடுக்கப்பிடாது. 537 விக்கெட் எடுத்த ஆளுக்க ஆட்டத்துல, உங்க கண்ணுல நிக்கது விக்கெட்டே இல்லாத 24 பந்து. அதைத்தான் நான் நடராஜனுக்கும் கேக்கேன். உங்களுக்குக் காரியவட்டம்னா எனக்குப் புனே.

2021 மார்ச் 28. இந்தியா 329. இங்கிலாந்து 7 விக்கெட் போன பெறவும் சாம் கரன் தனியா நின்னு அடிச்சிட்டே வாறான். கடைசி ஓவருக்கு 14 ரன் வேணும், தொடரும் அந்த ஆட்டத்தோட முடிவாகும். பந்து நடராஜன் கையில. அன்னைக்கு அதுக்கு முன்ன அவருக்கு நல்லா அடி. ஸ்டோக்ஸ் விக்கெட் ஒண்ணு உண்டும், ஆனா ரன் போயிருக்கு. 90 அடிச்சுச் செட்டான ஆளு எதுக்க நிக்கான்.

மொத பந்து, ரெண்டாவது ரன்னுக்கு ஓடி மார்க் வுட் ரன் அவுட். அடுத்ததுல ஒரு ரன். இப்ப கரன் எதுக்க. காலடில ஒண்ணு, ரன் இல்ல. திரும்பவும் காலடில, ரன் இல்ல. அஞ்சாவது பந்து நாலு போச்சு, ஆனா அப்பளே ஆட்டம் கைக்குள்ள வந்தாச்சு. ஆறே ரன்தான் கொடுத்தாரு. 7 ரன்ல ஜெயிச்சோம். கரன் 95 நாட் அவுட்டா நடந்து போறான்.

நான் அப்ப எங்க வீட்டு முன்ன திண்ணைல போன்ல பாத்துட்டு இருந்தேன். கரன் அந்த ரெண்டு பந்தையும் தோண்டி எடுக்க முடியாம நின்னப்போ, நாங்க வயல்ல போட்ட பந்து அதுன்னு மேல் எல்லாம் புல்லரிச்சு. அதுதான் அவரு இந்தியாவுக்குப் போட்ட கடைசி ஓவர்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது.

---

குளச்சல் கரை | ஞாயிறு, காலை 9.10

அதுக்குப் பிறகு ஏன் எடுக்கல? அதுதான் எனக்கு ஆறல. 2022 ஐ.பி.எல்.ல 11 ஆட்டத்துல 18 விக்கெட். 2024ல 19 விக்கெட், டெல்லிக்கு எதிரா 19 ரன்னுக்கு 4, அதுல 19ஆவது ஓவரை ரன்னே கொடுக்காமப் போட்டாரு. அந்த வருஷம் டி20 உலகக் கோப்பைக்குப் பேரு வரும்னு எங்க கரைல எல்லாரும் காத்துட்டு இருந்தோம். வரல.

---

மார்த்தாண்டம் மேக்கு | ஞாயிறு, காலை 9.34

இடங்கைத் தம்பி, நீ சொன்னது சரிதான். ஒரு ஓவர் மனசுல நிக்கதுக்கும் ஆட்ட எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்ல. அதுல நான் தோத்தேன்.

ஆனா கரை கேட்டதுக்கு பதில் நான் காரியவட்டத்துல கண்ணால பாத்தேன். அர்ஷ்தீப் அந்த ஓவர்ல டி காக்கையும் மில்லரையும் குச்சியைப் பேத்து அனுப்பும்போ, நடராஜனுக்க எடம் எங்க முன்னால வேற இடங்கைக்குப் போயிட்டு இருந்துது. அர்ஷ்தீப் 2022 ஜூலைல உள்ள வந்த பையன். நடராஜனுக்கு 2021 ஏப்ரல்ல மொழங்கால்ல ஆபரேஷன். செப்டம்பர்ல திரும்ப வந்தா கொரோனா. அந்த ஒரு வருஷத்துல ஆளு மாறிப் போச்சு. யாரும் சதி செய்யல. ஒடம்பு நின்னுருந்தா எடமும் நின்னுருக்கும். ஒடம்பைக் காப்பாத்துகதும் பந்து போடுகது மாரி ஒரு வேலைதான்னு சொல்லுகேன். பையன்கிட்ட அதையும் சேத்துச் சொல்லு.

---

தக்கலை பிசியோ | ஞாயிறு, காலை 10.15

மேக்கு அண்ணன் மொழங்கால்னு சொன்னதுனால நான் உள்ள வாறேன். நான் பிசியோதெரபிஸ்ட், தினமும் ஒரு விளையாட்டுப் பிள்ளையாவது மொழங்காலைப் பிடிச்சிட்டு வரும்.

வேகமாப் போடுகவங்க முன்காலை ஊணும்போ, அந்த ஒத்தக் கால்ல எறங்குகது ஒடம்பு எடைக்கு அஞ்சு மடங்குக்கு மேல. இடங்கைக்காரங்களுக்கு அது வலது கால். கால் மடங்காம நேரா நின்னாத்தான் வேகம் வரும், யார்க்கருக்கு உயரமும் கெடைக்கும். ஆனா கால் எவ்வளவு நேரா நிக்கோ அவ்வளவு அடி மொழங்காலுக்கும் இடுப்புக்கும் போவும். நடராஜன் கிட்ட நமக்குப் பிடிச்ச அந்தப் பந்துக்கு வெலை கொடுக்கது அந்தக் கால்தான். சர்வதேச அளவுல இருக்கவங்களுக்கு ஒவ்வொரு பந்தையும் எண்ண ஆளு உண்டும். நம்ம வயல்ல யாரு எண்ணுகா? தரையும் சமமா இருக்காது, வெடிப்புல கால் வழுக்கும், பாதிப் பிள்ளைய செருப்பு இல்லாம ஓடும்.

இடங்கை அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கேன். உங்க மருமவன் வாரத்துல எத்தனை நாள் போடுகான்? ஒரு நாளைக்கு எத்தனை ஓவர்?

---

தேரூர் இடங்கை | ஞாயிறு, காலை 10.29

எக்கா, சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உண்டும். இப்ப டோர்னமெண்டு சீசன், கோயில் கொடைக்கு ஒண்ணு, பள்ளித் திருநாளுக்கு ஒண்ணு. ஒரே நாள்ல மூணு ஆட்டம் வரைக்கும் வரும். ஆட்டத்துக்கு மூணு ஓவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பழக விடுகேன், 40 பந்து, 50 பந்து. எண்ணினது இல்ல. வலின்னு அவன் சொன்னதே இல்ல.

---

சுசீந்திரம் லெப்ட் | ஞாயிறு, காலை 11.03

மாமா, நான்தான். இதை நேத்து ராத்திரியே வாசிச்சிட்டேன். ஸ்கோர் எழுதுக தாத்தா எழுதினதை மூணு தடவை வாசிச்சேன்.

வலது மொழங்கால் கிறிஸ்மஸுக்கு முன்னயே வலிக்கு. மாடிப்படி எறங்கும்போ கூடுதல். சொன்னா ஆட விட மாட்டீங்கன்னு சொல்லல. நேத்து மூணாவது ஆட்டத்துல கடைசி ஓவர் போடும்போ கால் ஊண முடியல, அதான் ரெண்டு புல் டாஸ் போச்சு.

---

தக்கலை பிசியோ | ஞாயிறு, காலை 11.20

மக்களே, சொன்னது நல்ல காரியம். பயப்படாத. 16 வயசுல எலும்பு வளந்துட்டு இருக்கும், இந்த வயசுப் பிள்ளையளுக்கு மொழங்கால் வலி ஒரு பாடு பாக்கேன். பெரும்பாலும் ஓய்வும் தொடைக்கு உள்ள பயிற்சியும் செஞ்சாலே செரியாவும். ஆனா எது என்னன்னு தொட்டுப் பாக்காம சொல்லப்பிடாது. வீங்கி இருக்கா, ராத்திரி வலிக்கா, கால் மடங்கி மாட்டிக்கிடுகான்னு பாக்கணும். மொதல்ல ஒரு எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் ஒரு பந்துகூட போடண்டாம். ஐஸ் வைக்கலாம். எண்ணெய் போட்டு உருவுகது, யாராவது சொன்னாங்கன்னு சடக்குப் பிடிக்கது வேண்டாம்.

---

சேலத்து மாப்பிள்ளை | ஞாயிறு, மதியம் 12.40

தம்பி, ஒண்ணு சொல்றேன். நடராஜன் கை வீச்சை மாத்தறதுக்காக முழுசா ஒதுங்கி இருந்தப்போ அவருக்கு உன்னைவிட ஏழெட்டு வயசு கூட. திரும்பி வந்தாரு. உனக்கு 16தான் ஆச்சு. ரெண்டு மாசம் உக்காந்தா எதுவும் போயிடாது.

---

மார்த்தாண்டம் மேக்கு | ஞாயிறு, மதியம் 1.05

மோனே, நான் நேத்து 'அளவு தெரியணும்'னு எழுதினது உன்னை ஒதுக்குகதுக்கு இல்ல, கேட்டியா. காலு செரியாவட்டும். காரியவட்டத்துல அடுத்து இந்தியா ஆட்டம் வரும்போ நான் உனக்கும் உங்க மாமாவுக்கும் சேத்து டிக்கெட் போடுகேன். பவுண்டரிப் பக்கம் இருந்து பாத்தா பௌலர் முன்கால் ஊணுகது தெளிவாத் தெரியும்.

---

தேரூர் இடங்கை | ஞாயிறு, இரவு 8.45

இன்னைக்குச் சாயங்காலம் கொடை டோர்னமெண்டுல அரை இறுதி. அவன் ஆடல. டீம்ல உள்ளவனுவளுக்குக் கோவம், ஒருத்தன் எனக்கே போன் பண்ணிச் சத்தம் போட்டான். செரின்னு கேட்டுக்கிட்டேன். ரெண்டு பேரும் வரப்புல உக்காந்து பாத்தோம். தோத்தாச்சு, கடைசி ஓவர்ல 11 ரன் வேணும், அடிச்சுட்டானுவ. அவன் கையில பந்தை வச்சு உருட்டிட்டே இருந்தான்.

நேத்து கேட்டதுக்கு அங்க வச்சு பதில் சொன்னேன். கொறவுதான், ஏழு ஆட்டம் கொறவுதான்னு சொன்னேன். பொய் சொல்ல மனசு வரல. அந்த ஆளுக்கு இன்னும் அம்பது ஆட்டம் கெடச்சிருக்கணும், கெடைக்கல. ஆனா கெடச்ச ஏழுல ஒண்ணுலயும் அவரு ஒதுங்கி நிக்கல, கடைசி ஓவரை இந்தான்னு கொடுத்தப்போ வாங்கிப் போட்டாருன்னு சொன்னேன். பெறவு கணக்குப்பிள்ளை சார் எழுதின லாபுஷேன் விக்கெட்டை ரெண்டு பேரும் போன்ல தேடிப் பாத்தோம். அவன் நிறுத்தி நிறுத்தி காலைத்தான் பாத்தான். "மாமா, வலது கால் எப்பிடி எறங்குகு பாருங்க"ன்னான்.

நாளைக்கு நாகர்கோவில்ல எலும்பு டாக்டரைப் பாக்கப் போறோம். பிசியோ அக்கா, பாத்துட்டு வந்து எழுதுகேன். பயிற்சி எதுவும் உண்டும்னா நீங்கதான் சொல்லித் தரணும், தக்கலைக்கு எப்ப வந்தா சௌகரியம்னு சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை சார், உங்ககிட்ட ஒரு உதவி. ஒரு பழைய ஸ்கோர் நோட்டு இருந்தா தாருங்க. இனி அவன் எத்தனை பந்து போடுகான்னு நான் எழுதப் போறேன்.

---

கோட்டார் கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.02

பழசு எதுக்கு தம்பி, புதுசே தாறேன். நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு வரும்போ செட்டிகுளம் பக்கம் வண்டியை நிறுத்துங்க, நான் வந்து தாறேன். பயலையும் கூட்டிட்டு வாங்க.